மூன்று மணிக்கு மேல் மேகமூட்டம்

முருகனின் கோபம் தணிந்த மலை என்பதால்தான் ஊருக்குத் திருத்தணி என்று பெயர் வந்ததாம். கோபம் தணிந்தது முருகனுக்கு மட்டுந்தான். சூரியனுக்கு அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. பங்குனி பிறந்துவிட்டால், மலைப்படியில் கால் வைக்கும் பக்தர் அரோகரா போடுவது பக்தியாலா, உள்ளங்கால் பொசுங்குவதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஊரில் வெயில் அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று 1943-இல் சர்க்காருக்குத் தோன்றியது. அந்தப் பாக்கியம் கஜபதிக்குக் கிடைத்தது.

கஜபதிக்கு அப்போது நாற்பதை நெருங்குகிற வயது. அதற்குள் பல உத்தியோகங்களைப் பார்த்து, ஒவ்வொன்றையும் கௌரவத்தை உத்தேசித்து விட்டிருந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் அவரை 'டேய்' என்று கூப்பிட்டுவிட்டான். பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் எழுதப் போனார். நாற்காலிக்குப் பதில் முக்காலி கொடுத்தார்கள், அதோடு சரி. திருவாலங்காட்டில் ஒரு கரும்புத் தோட்டக்காரரிடம் போனவர், அங்கே எறும்பு அதிகம் என்று திரும்பிவிட்டார். எறும்பு என்ன மரியாதைக் குறைவு செய்தது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் அடுப்பு எரிந்தது அவர் மனைவி மணியம்மையால். அந்த அம்மாள் அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கஜபதிக்கு மாமனார் விட்டுப்போன வீட்டுக்குச் சுற்றிலும் தடையில்லாத மொட்டை மாடி. அங்கே விடிந்ததும் பாயை விரித்தால் பொழுது சாயும்வரை வெயில். கூழ் காய்ச்சிப் பிழிகிறது மட்டும் மணியம்மையின் வேலை. மீதி வேலையைச் சூரியன் கூலியில்லாமல் பார்த்துக்கொண்டது.

அந்த மொட்டை மாடிதான் பஞ்சாட்சரத்தின் கண்ணில் பட்டது. பஞ்சாட்சரம் சென்னையில் ஏதோ ஓர் இலாகாவில் அதிகாரி. யுத்த காலம். அரக்கோணத்தில் விமானத் தளம் போட்டிருந்ததால், அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த சுற்றுவட்டாரத்து வானத்தின் மேல் சர்க்காருக்குத் திடீர்ப் பாசம் வந்திருந்தது. மனிதர் மாடியில் நாலு திக்கும் திரும்பிப் பார்த்து, நிழல் விழ எதுவும் இல்லை என்று திருப்திப்பட்டார். அடுத்த வாரமே கொத்தனாரை வைத்து மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் ஒரு சிமெண்ட் மேடை கட்டி, அதன்மேல் ஒரு கண்ணாடி உருண்டையை நிறுத்தினார். பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும். அதற்குப் பின்னால் வளைந்த பித்தளைத் தாங்கி. தாங்கிக்குள் மணிக்கோடுகள் அச்சடித்த நீல அட்டை. கண்ணாடி வழியாக இறங்கும் வெயில் அட்டையைப் பொசுக்கும். சூரியன் நகர நகரப் பொசுங்கலும் நகர்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு கறுப்புக் கோடாகிவிடும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். பொழுது சாய்ந்ததும் பழைய அட்டையை எடுத்துப் புதியதைச் செருகி, கோட்டை அளந்து எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரே ஊரில், ஒரே சூரியனின் வெயில், நாளுக்கு நாள், மாதத்துக்கு மாதம், வருஷத்துக்கு வருஷம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இலாகாவின் நோக்கம் என்று பஞ்சாட்சரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கஜபதி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: இந்த வேலைக்குப் பட்டம் என்ன? 'வெயில் பார்வையாளர்' என்று பதில் வந்தது. அன்றைக்கே அரக்கோணம் போய்த் தையற்காரரிடம் ஒரு கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

இறங்கிப் போகுமுன் பஞ்சாட்சரம் ஒரு நிபந்தனை சொன்னார். கருவி இருக்கும் மாடியில் வேறு சாமான் எதுவும் இருக்கக் கூடாது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிய மணியம்மை புருஷனிடம் கேட்டாள்:

"சர்க்கார் வெயில்ல என் வடகம் காய்ஞ்சா வெயில் கொறைஞ்சி பூடுமா?"

இலாகா விஷயத்தில் பெண்பிள்ளைகள் தலையிடக் கூடாது என்று கஜபதி சொல்லிவிட்டார். வேலையில் சேர்ந்து முழுசாக ஒரு நாள் ஆகியிருக்கவில்லை.

முதல் வருஷம் அவருக்கு யோக வருஷம். சித்திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் அறுபடாமல் ஓடியது. ஆடியில் மேற்கத்தி மேகம் அதைத் துண்டு துண்டாக நறுக்கியது. ஐப்பசி மழையில் அட்டை போட்டது போட்டபடி வெறும் நீலமாக வந்தது. மார்கழியில் மலைப்பனி விலகித்தான் கோடு தொடங்கவேண்டியிருந்தது. கஜபதி சாயங்காலம் தைத்து வந்த கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், "இன்னிக்கு ஒம்பதரை மணி நேரம்" என்பார், ஏதோ தன் கையால் அளந்து ஊற்றியதுபோல. ஜனங்கள் அவரை வெயில் ஆபீசர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கிண்டலுக்குத்தான்; அவர் கிண்டலைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக்காரர் ஒருவர், அன்று ஒரு நாளைக்காவது வெயிலைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று நிஜமாகவே கேட்டார். மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்பதாகக் கஜபதி வாக்குக் கொடுத்தார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மனிதர் அந்த வேலையை மனசாரச் செய்தார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறி அட்டை மாற்றினார். கண்ணாடி உருண்டையை மல் துணியால் துடைக்கும்போது அவர் முகத்தில், அபிஷேகம் செய்கிற குருக்களுக்கும் எப்போதாவதுதான் வருகிற ஒரு கவனம் இருந்தது. நாற்பது வருஷமாகத் திட்டித் தீர்த்த அதே வெயில். ஆனால் ஒரு நாள் கோடுபோல் இன்னொரு நாள் கோடு இல்லை. பழைய அட்டைகளைக் கட்டி அனுப்புமுன் தரையில் வரிசையாகப் பரப்பி, விளக்கு வைக்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மணியம்மைகூட அப்போது அவரைக் கூப்பிடமாட்டாள்.

மேற்கு வீட்டுத் துரைக்கண்ணுவுக்கு யுத்தம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. ரேஷன் அரிசி அவர் மில்லுக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அளக்க எந்த இலாகாவும் கருவி வைக்கவில்லை. ஆகவே 1944-இல் அவர் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி முளைத்தது. கஜபதியின் மாடிச் சுவருக்கு அப்பால், ஒரு சந்து தள்ளி, இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழும்பியது. காலை வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. பிற்பகல் மூன்று மணி ஆனதும் சுவரின் நிழல் மெதுவாக வந்து உருண்டையின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அட்டையில் கோடே விழாது.

கஜபதி கோட்டை மாட்டிக்கொண்டு துரைக்கண்ணுவின் வாசலில் போய் நின்றார். துரைக்கண்ணு மணியம்மைக்குத் தூரத்து உறவில் தம்பி முறை. ஆகவே மரியாதையில் குறை வைக்கவில்லை. மோர் கொடுத்து, சர்க்காரின் சூரியனை இந்தச் சுவர் மறைக்கிறது என்ற புகாரை முழுசாகக் கேட்டுவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"என் மனைல என் சொவரு நிக்குது பாவா. சூரியனுக்கு உங்க பேர்ல பட்டா கீதா? கீதுன்னா எடுத்துகினு வாங்க, நாளைக்கே இடிச்சிடறேன்."

பட்டா இல்லாததால் கஜபதி இலாகாவுக்கு எழுதினார். உருண்டையைக் கிழக்கு ஓரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று யோசனையும் சொன்னார். இரண்டு மாதம் கழித்துப் பஞ்சாட்சரத்திடமிருந்து பதில் வந்தது. சிமெண்ட் மேடை சர்க்கார் சொத்து. அதை இடிக்கப் பொதுமராமத்து அனுமதி வேண்டும். யுத்தம் முடியும்வரை அதைக் கேட்பதற்கில்லை. அட்டையில் கோடு இல்லாத நேரத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் கஜபதி 'சுவர்' என்று எழுதியிருப்பது செல்லாது. அங்கே மேகம், மூடுபனி, புழுதி என்று மூன்று காரணங்களே அனுமதிக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் அவற்றில் பொருத்தமானதைத் தேர்ந்து எழுதவேண்டும்.

சித்திரை மாதத்தில், காக்கை நிழல்தேடித் தவிக்கும் பிற்பகலில், திருத்தணியில் மூடுபனி என்று எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. புழுதி என்றால் ஊருக்கு அவமானம். மேகம் என்று எழுதினார். முதல் நாள் எழுதுமுன் மாடியேறி வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் பார்ப்பது நின்றது. அடுத்த சில மாதங்களில் இன்னொன்று நடந்தது: மனிதர் அதை நம்பவே ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் பிற்பகல் மணியம்மை விசிறிக்கொண்டே, என்ன வெயில் இது, உயிரை வாங்குகிறது என்று முனகியபோது, மூன்று மணிக்கு மேல் மேகமூட்டந்தான் என்று திண்டில் சாய்ந்தபடி திருத்தினார். மணியம்மை விசிறியை அவர் பக்கம் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மாடி போனதிலிருந்து தெருவாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்தவள் போனது நேராகத் துரைக்கண்ணுவின் மனைவி அம்சாவிடம். ஆண்கள் சண்டை போட்ட சுவரைப் பெண்கள் இருவரும் வேறு விதமாகப் பார்த்தார்கள். தெருவிலேயே உயரமான தளம் இப்போது அந்தப் புது மாடியின் தலைதான். விடிந்ததிலிருந்து அடையும்வரை அங்கே வெயில். வாரத்துக்கு ஒரு பிடி மோர்மிளகாய் என்று பேச்சாயிற்று. மறுநாள் முதல் மணியம்மை கூழ்ப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டு பகையாளி வீட்டுப் படியேறினாள். கஜபதி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவள் வழக்கத்தைவிட அதிகம் வடகம் பிழிந்ததாகச் சொல்வார்கள்.

1945 பங்குனியில் பரசுராமன் என்று பட்டாளத்துக்குச் சாமான் சேகரிக்கும் அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்தார். பர்மா பக்கம் சண்டையிடும் சிப்பாய்களுக்காக வெங்காயமும் கிழங்கும் கீரையும் வெயிலில் உலர்த்தி டப்பாவில் அடைத்து அனுப்பவேண்டும். அதற்கு ஒரு பெரிய களம் அமைக்க வெயில் அதிகமுள்ள ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உலர்த்தத் தெரிந்த பெண்கள் நூறு பேருக்குமேல் வேலை கிடைக்கும் என்ற பேச்சு அவருக்கு முன்பே வந்துவிட்டது. மேற்பார்வைக்கு மணியம்மையைத்தான் போடுவார்கள் என்று தெருவே முடிவு செய்திருந்தது. பொய் சொல்வானேன், மணியம்மையும் முடிவு செய்திருந்தாள். அரக்கோணத்திலிருந்து புதுச் செருப்பு வாங்கிவரும்படி கஜபதியிடம் சொல்லியிருந்தாள்.

ஸ்டேஷனிலிருந்து நடந்துவந்த பரசுராமனின் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். தலைக்குக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சத்திரத்து வாசல் நிழலில் ஒண்டி நின்று, காத்திருந்த ஜனங்களிடம் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார்: இலாகாவின் அட்டவணைப்படி இந்த ஊரில் வருஷம் முழுவதும் பிற்பகலில் மேகமூட்டம், ஆகவே களத்துக்கு ஏற்ற இடம் இல்லை. ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குக் கண் கூசியது. பிறகு எல்லோரும் மெதுவாகக் கஜபதியைப் பார்த்தார்கள்.

வந்ததற்குக் கருவியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பரசுராமன் மரியாதைக்குச் சொன்னார். கஜபதி முன்னால் படியேறினார். கோட்டுக்குள் வியர்வை ஓடியது. மாடிக்கு அவர்கள் வந்தபோது மூன்றரை மணி இருக்கும். தரை முழுக்க நெருப்பாகக் கிடக்க, மேற்கு ஓரத்தில் மட்டும் நீள நிழல். அந்த நிழலுக்குள் கண்ணாடி உருண்டை குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. பரசுராமன் உருண்டையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சுவரோடு கண்ணை ஏற்றிக்கொண்டே போனார். உச்சியில், முக்காடு போட்ட ஒரு பெண் கோலால் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பாய் பாயாக வடகம்.

"அந்தம்மா அங்கே என்ன செய்யுது?" என்றார் பரசுராமன்.

"வடகம் காய வெக்கிறாங்க." அது தன் மனைவி என்று கஜபதி சொல்லவில்லை.

"மேகமூட்டத்திலா?"

கஜபதிக்கு வழி இல்லாமல் இல்லை. புழுதி என்று சொல்லிப் பார்க்கலாம். இன்றைக்கு மட்டும் விசேஷமாக வெளிவாங்கியிருக்கிறது என்றும் சொல்லலாம். பட்டம், கோட்டு, சம்பளம் மூன்றும் பிழைக்கும். மேலே மணியம்மை கோலை ஊன்றிக்கொண்டு குனிந்து அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் சும்மா பார்த்தாள். செருப்பு வாங்கி வந்தாயிற்றா என்று கேட்கிறவள்போல.

"மேகம் இல்லீங்க," என்றார் கஜபதி. "சொவருங்க. மேகம்னு நான்தான் எழுதிகினு வந்தேன். இந்த ஊருல மூணு மணிக்கு மேல மேகமே கெடையாதுங்க."

இத்தனை வருஷத்து உத்தியோகங்களில், தனக்கே நஷ்டம் என்று தெரிந்தும் அவர் ஓர் அதிகாரியிடம் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். சொன்னபிறகு சிமெண்ட் மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணியம்மை இறங்கி வந்து ஒரு தட்டில் வடகத்தை நீட்டினாள். முந்தாநாள் பிழிந்தது. பரசுராமன் ஒன்றை ஒடித்தார். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அருமையாகக் காய்ந்திருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அட்டவணை அச்சாகிவிட்டதாகவும், அச்சானதை வடகத்தைக் காட்டித் திருத்த முடியாது என்றும் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

களம் வேறோர் ஊருக்குப் போயிற்று. அந்த ஊரில் கண்ணாடி உருண்டை கிடையாது. ஆகவே அட்டவணையில் மேகமும் கிடையாது. நிலத்தைச் சமன்செய்து கொட்டகை போட்டு முதல் மூட்டை வெங்காயம் வந்து இறங்குவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது.

கஜபதிக்கு உத்தரவு அதற்கு வெகுமுன்பே வந்தது. மேகமில்லாத நேரத்தை மேகம் என்று எழுதிச் சர்க்காரைத் தவறான வழியில் செலுத்தியதற்காக வேலைநீக்கம்; கையெழுத்து: பஞ்சாட்சரம். கஜபதி சென்னைக்கே போய் அவருடைய பழைய பதிலை அவர் மேஜைமேலேயே வைத்துக் காட்டினார். பஞ்சாட்சரம் அதைச் சாவகாசமாகப் படித்துவிட்டு, பொருத்தமானதைத் தேர்ந்து எழுதும்படிதான் இதில் இருக்கிறது, மேகம் பொருத்தமில்லையே என்றார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகவும் சொன்னார்.

யுத்தம் முடிந்தபிறகு இலாகாவுக்கு அறிவு வந்தது. மேடையை இடிக்க அனுமதியும் வந்தது. தெருவிலேயே தடையில்லாத உயரமான தளம் எது என்று பார்த்தார்கள். உருண்டை துரைக்கண்ணுவின் மாடித் தலைக்குப் போயிற்று. அவருடைய மைத்துனன் வேடியப்பன் புதிய வெயில் பார்வையாளன் ஆனான். கருவி இருக்கும் தளத்தில் வேறு சாமான் கூடாது என்ற விதி மட்டும் மாறவில்லை. மணியம்மை மறுபடியும் பாய்களைச் சுருட்டினாள். அம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவரை வந்து வழியனுப்பினாள். வாராந்திர மோர்மிளகாய் தொடருமா என்றும் கேட்டாள்.

வேடியப்பனுக்கு மாடியேறினால் மூச்சு வாங்கும். வாரத்து அட்டைகளைக் கீழே இருந்தபடியே ஊதுவத்தியால் பொசுக்கி அனுப்பினான். ஐப்பசி அடைமழையிலும் திருத்தணியில் முழு வெயில் அடித்தது. ஒழுங்கான கோடுகளுக்காக அவனுக்கு இலாகாவிடமிருந்து பாராட்டு வந்தது.

சொந்த மாடியில் இப்போது பொழுது சாயும்வரை வெயில் இல்லை; மூன்று மணிக்கே நிழல் ஏறத் தொடங்கிவிடும். வடகம் உள்ளே ஈரம் பிடித்துப் பூஞ்சை பூத்துப்போயிற்று. இரண்டு நாள் மணியம்மை பூத்ததைப் பொறுக்கித் தெருவில் கொட்டினாள். மூன்றாம் நாள் கஜபதி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூழ்ப் பாத்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டார். மலைக்குப் பின்புறம், கோயில் வழியை விட்டு விலகி, ஒரு கல்யாணமே நடத்தலாம்போல் அகலமான பாறை ஒன்று உண்டு. மணியம்மை அங்கேதான் போகவேண்டும் என்றாள். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, குரங்குக்கும் பஞ்சமில்லை. அவள் பிழிந்துகொண்டே போவாள். அவர் கோலோடு உட்கார்ந்து குரங்கு விரட்டவேண்டும். குரங்குகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கிழட்டுக் குரங்கு எதிரிலேயே உட்கார்ந்து வடகத்தைத் தின்றுவிட்டு, உப்பு போதாது என்பதுபோல் அவரைப் பார்க்கும்.

அடுத்த வருஷக் கோடையில் ஒரு பிற்பகல். வடகம் அரைப்பதமாகக் காய்ந்து கிடந்தது. மணியம்மை முக்காட்டை இழுத்துவிட்டுப் பாறைச் சரிவில் கண்ணயர்ந்திருந்தாள். கஜபதி மேற்கே பார்த்தார். நகரி மலைப்பக்கம் கறுப்பாக ஒன்று எழும்பி வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். காற்று திரும்பியது, பாயின் ஓரம் படபடத்தது. அப்போதுதான் எழுந்து ஓடினார்.

"இந்தா மணி, எழுந்திரு. மேகம் வருது."

அவள் கண்ணைத் திறக்காமலே, "ஆங், வரும் வரும்," என்றாள். "மூணு மணி ஆயிட்ச்சா?"

"அய்ய, நெசமா வருது. எழுந்து பாரு."

பார்த்தாள். இருவரும் பாயைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் வேட்டியிலும் முந்தானையிலும் வாரிக்கொண்டு ஓடி, சாய்ந்து நின்ற ஒரு கல்லின் அடியில் நுழைந்தார்கள். சித்திரை மழை பாறைமேல் விழுந்து ஆவியாகக் கிளம்பியது. பாதி வடகம் கரைந்து கஞ்சியாக ஓடியது. மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு மணியம்மை சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு எதற்கு என்று தெரியாமல் அவரும் சிரித்தார். கிழட்டுக் குரங்கும் நனைந்துபோய் அதே கல்லின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தது. அதை அவர் விரட்டவில்லை.